பொடக்காலியில் ஒரு கிழங்கு

"என் வீட்டுக்காரி திரும்பி வருவாளா, மாட்டாளா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

மரகதம் அவரையே திருப்பிக் கேட்டாள்.

"உங்க பொடக்காலி எவ்வளவு பெருசுங்ணா?"

"எது?"

"வீட்டுக்குப் பின்னால இருக்கிற எடம்."

தன் கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தார். அல்லது புரிந்துகொண்டு நழுவுகிறாள். இரண்டாவதுதான் சரி என்று பட்டது. அவருக்கு எப்போதும் இரண்டாவதுதான் சரி என்று படும்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பாதி வாழ்நாளை வார்ப்புகளைத் தட்டிப் பார்ப்பதில் கழித்தவர் அவர். இரும்பு வெளியே வழவழவென்று இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே ஓட்டை. தூக்கி ஓரமாக எறிய வேண்டியதுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் தட்டுவது நிற்கவில்லை. பாலைத் தட்டினார். கேஸ் சிலிண்டரைத் தட்டினார். மனைவியின் போனைத் தட்டினார்.

கடைசியாகப் புல்லில் வந்து முடிந்தது.

பின்பக்கத்தில் பாதிக்குச் சிமெண்ட். மீதிப் பாதிக்கு, பாய்போல் சுருட்டிக்கொண்டு வந்த கொரியன் புல். பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டார். புல் காய்ந்தது. முதலில் நர்சரிக்காரனைச் சந்தேகப்பட்டார். பிறகு தண்ணீரை. பிறகு பக்கத்து வீட்டுப் பூனையை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"வடிகஞ்சியைச் சூட்டோட புல்லு மேல ஊத்தினியா வசந்தா?"

வசந்தாமணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் மூலனூருக்குப் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் போட்டால் எடுப்பதில்லை.

இங்கே அவர் ஞானம் தேடி வரவில்லை. வசந்தாமணி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த மாடி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். பாங்க் வேலையை விட்டுவிட்டு வந்த இந்த மரகதம், தன்னைவிடப் பத்து வயது இளையவள், நாலு பேரை உட்காரவைத்து என்ன சொல்கிறாள்? இதில் இவளுக்கு என்ன கிடைக்கிறது? தன் மனைவிக்கு யார் சாவி கொடுத்தது? அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தார்.

"என்னைப் பத்தி அவ உங்ககிட்ட என்ன சொன்னா, அம்மணி?"

"சொன்னாங்க."

"என்னன்னு?"

"பொடக்காலி எவ்வளவு பெருசுன்னு நீங்க இன்னும் சொல்லலியே."

"ரெண்டு கட்டில் போடலாம். மூணாவது போட்டா இடிக்கும்."

"போதும். தோட்டம் போடுங்க. நீங்க இல்லாட்டியும் அது இருக்கணும். அப்படி ஒண்ணு போட்டுட்டு வந்து கேளுங்க."

*

சிமெண்டை உடைக்கச் சொன்னாள்.

"எல்லாத்தையுமா?"

"மழை பேஞ்சா இப்போ தண்ணி எங்க போகுது?"

"ரோட்டுக்கு."

"அப்புறம் செடிக்கு?"

"டேங்கர் லாரி சொல்லுவோம்."

மரகதம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்து ஆராய்ந்தார்.

சிமெண்ட் உடைந்தது. அவள் வெட்டிய பால் பாக்கெட்டுகளில் செடிகள் கொடுத்தாள். வெயில் விழுகிற மூலைக்கு ஆவாரை. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடிவருகிற பக்கம் வெட்டிவேர். இடது சுவரை ஒட்டி நொச்சி. இடையில் தும்பை, அது தானே பரவிக்கொள்ளும். உதிர்கிற இலையைக் கூட்டக் கூடாது. அது கிடக்கட்டும்.

சென்னியப்பன் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் ரயில்ரோட்டு ஓரத்துல முளைக்கிறதாச்சே, அம்மணி."

"ஆமாங்ணா. அங்க யாரு தண்ணி ஊத்தறாங்க?"

"நர்சரியில இதைவிட நல்லதா இருக்குது."

"புல்லை எங்க வாங்கினீங்க?"

அவர் பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டார்.

கடைசியாக ஒரு கிழங்கைக் கொடுத்தாள். விரல் பருமன். கவட்டைபோல இரண்டாகப் பிரிந்திருந்தது.

"நொச்சிக்குப் பக்கத்துல வைங்க. ஈரம் இருக்கிறப்போ வெச்சுட்டு மறந்துருங்க."

"என்ன கிழங்கு?"

"செங்காந்தள்."

வைத்தார். மறக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் போனில் தேடினார். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையே மாடிப்படி ஏறினார்.

"கிழங்கைத் தின்னா ஆளே போயிருவான்னு போட்டிருக்குது!"

"ஆமாங்ணா."

"நீங்க சொல்லவே இல்லை."

"குழம்பு வெக்கறதா இருந்தீங்களா?"

"விளையாடாதீங்க, அம்மணி. விஷத்தை எதுக்கு என் வீட்ல கொண்டாந்து வெச்சீங்க?"

"தொட்டா கையைக் கழுவுங்க. வாயில வெக்காதீங்க. அது யாரையும் தேடி வராது. அது பாட்டுக்கு இருக்கும்."

படியிறங்கும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. விஷம் என்று ஒப்புக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவள் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறாள்.

*

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. வேர் பிடித்தாயிற்று, இனித் தண்ணீர் வேண்டாம் என்றாள் மரகதம்.

சென்னியப்பன் நிறுத்தினார். செடிகள் வாடும் என்று எதிர்பார்த்தார். வாடவில்லை. உச்சி வெயிலில் ஆவாரை மொட்டு விட்டது.

அதெப்படி? அவர் ஊற்றவில்லை என்றால் வேறு யாரோ ஊற்றுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சுவர் வழியாக ஊற்றுகிறானோ? மரகதம் ஆள் வைத்து ஊற்றுகிறாளோ? நான் ஏமாந்து அவள் காலில் விழ வேண்டும் என்றா?

பின்கதவுக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு காமிரா வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் நீட்டினார். மரகதம் நிதானமாகப் பார்த்தாள். ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தர் அடிக்கடி வர்றாரே."

"எங்க? எங்க?"

"இதோ. குனியறாரு. செடியைத் தூக்கிப் பார்க்கறாரு. மண்ணை மோந்து பார்க்கறாரு. மறுபடியும் வர்றாரு."

"அது நான்தான், அம்மணி."

"அப்படீங்களா? ஆளைப் பார்த்தா திருட்டு முழியா இருக்குதுங்ணா."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தார். குனிந்த முதுகு. கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கிற முகம். இந்த ஆளை நடுத்தெருவில் பார்த்தால் நானே நிறுத்தி விசாரித்திருப்பேன் என்று நினைத்தார்.

இந்த முகத்தைத்தான் வசந்தா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளா?

அந்த எண்ணம் பிடிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினார்.

*

ஐப்பசியில் காந்தள் பூத்தது. கொடி தன் இலை நுனிகளையே சுருட்டி நொச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு. இதழ்கள் எல்லாம் பின்னால் மடங்கி வானத்தைப் பார்த்து நின்றன.

அவர் அதைப் படமெடுத்து வசந்தாமணிக்கு அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

"பார்த்துட்டா, அம்மணி. ஆனா பதில் போடலை. எதுக்கு?"

"பூவைக் காட்ட அனுப்பினீங்களா, அவங்க பார்க்கறாங்களான்னு பார்க்க அனுப்பினீங்களா?"

சென்னியப்பன் போனைத் திறந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். எதற்கு அனுப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை.

தை பிறந்ததும் காந்தள் இலைகள் பழுத்தன. தண்டு காய்ந்து சருகானது. ஒருநாள் காற்றில் அதுவும் போய்விட்டது. நொச்சி அப்படியே நின்றது. பக்கத்தில் வெறும் மண்.

வெறும் மண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் புல் ஞாபகம் வந்தது.

காமிராவில் யாரும் வந்ததாக இல்லை. அப்படியானால் இது ஒரு பருவத்தோடு முடிகிற சரக்கு. பூவைக் காட்டி மயக்கிவிட்டு, செத்ததும் அடுத்ததுக்கு மாடிப்படி ஏற வைப்பது. மரகதத்திடம் கேட்கலாம். கேட்டால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். மண்ணுக்குப் பேசத் தெரியாது. அதையே கேட்டுவிடலாம்.

மம்மட்டியை எடுத்தார்.

இரண்டு வெட்டுக்கே கிடைத்தது. கிழங்கு சாகவில்லை. வைத்ததைவிடப் பருத்து, வெள்ளையாக, இரண்டு கிளையும் நீண்டு இருந்தது.

அதோடு மூடியிருக்கலாம்.

வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே? அவருக்கே தெரியாமல் கை அதைக் காதருகே கொண்டுபோனது. மற்றக் கையின் விரல்கணு ஒரு தட்டுத் தட்டியது.

ஒரு முனை படக்கென்று ஒடிந்து காலடியில் விழுந்தது.

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். பழக்கம். சந்தேகப்பட ஒருவரும் இல்லை.

*

அவர் போன் செய்ததும், மரகதம் அன்றுதான் முதல் முறையாக அவர் வீட்டுக்கு வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. கிழங்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"முளை இருக்கிறது நுனியிலதான். இந்த நுனி போச்சு."

"இன்னொரு நுனி?"

"அது இருக்குது."

"முளைக்குமா?"

"உங்களுக்கு டீ போடத் தெரியுமாங்ணா?"

அவர் உள்ளே போனார். இஞ்சி தட்டினார். பால் பொங்கியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம் என்று கழுத்து நீண்டது. பால் வழிந்துவிடும் என்று நின்றுவிட்டார்.

டம்ளர்களோடு வெளியே வந்தபோது அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மண். கிழங்கைக் காணோம். தோட்டம் முழுக்க மண் லேசாகக் கிளறப்பட்டு, மேலே சருகு பரப்பியிருந்தது. எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க வெச்சீங்க, அம்மணி?"

"வெச்சேனுங்களா?"

அவர் காமிராவைப் பார்த்தார். அவளுடைய துணிப்பை அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மரகதம் கையைக் கழுவிவிட்டு டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"அக்கா சொன்னாப்லயேதான் இருக்குது."

"வசந்தாவா? என்ன சொன்னா?"

"எங்க வீட்டுக்காரர் டீ போட்டா, கடையில குடிக்கவே தோணாதுன்னு."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதைத்தான் சொன்னாளா?"

"இதையுந்தான்."

அவள் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் பார்வை பையின் மேலேயே இருந்தது. அடியில் ஏதோ லேசாகப் புடைத்திருந்தது. சாவிக்கொத்தாக இருக்கலாம். கிழங்காகவும் இருக்கலாம்.

"பையைக் கொட்டிக் காட்டட்டுங்களாண்ணா?"

அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் அங்கேயே கொட்டியிருப்பாள்.

ஆமாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது.

"டீ ஆறிப்போச்சுங்களா?" என்றார்.

"நல்லாவே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் போனை எடுத்துப் பார்த்தார். இருட்டு. துணிப்பையின் உள்பக்கம்.

மம்மட்டியை எடுத்தார். எங்கே வெட்டுவது? இங்கே வெட்டினால் இங்கேயே இருந்துவிடலாம். அங்கே வெட்டினால் அங்கே. மிச்சமிருப்பது ஒரே ஒரு நுனி.

மம்மட்டியை மூலையில் சாய்த்துவைத்தார்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பிரச்சினையாகிவிட்டது. துணி காயப்போடும் கயிறு தோட்டத்தின் அந்தக் கடைசியில். நடுவில் எங்கே கால் வைப்பது? சிமெண்டை உடைத்தபோது வலது சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு உடையாமல் விட்டுப்போயிருந்தது. அதன்மேல், சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடக்கப் பழகினார்.

அவளை நம்பினார் என்று சொல்ல முடியாது. வாளியோடு அந்தத் திட்டின்மேல் ஒண்டிக்கொண்டு போகும்போதெல்லாம் தனக்குள் கேட்டுக்கொள்வார். அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அப்படியானால் வெறும் மண்ணுக்குப் பயந்து நடக்கிற மடையன் நான்.

எடுத்துக்கொண்டு போகாமல் இருந்தால்?

அந்தக் கேள்விக்கு அடுத்த வரி வரவில்லை. அதற்குள் கயிறு வந்துவிடும்.

*

வைகாசியில் ஒருநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது.

"கொஞ்சம் இருங்க தம்பி, சேலையை எடுத்துட்டு வந்துர்றேன்" என்று வசந்தாமணியின் குரல் கேட்டது.

சென்னியப்பன் தோட்டத்தின் கடைசியில் சட்டையைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. உள்ளே பீரோ திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். வாசல் பக்கமாகவே போய்விடுவாள் என்று நினைத்தார்.

பின்கதவில் வந்து நின்றாள். கையில் பை.

"தம்பி மகளுக்குக் கல்யாணம். ரெண்டு பட்டுச்சேலை வேணும்னு வந்தேன். கிளம்பறேன்."

"இரு, வர்றேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தார். நேராக வந்தால் நாலே எட்டு. பாதி வழியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, இதென்ன கழைக்கூத்து?"

"மண்ணுக்குள்ள கிழங்கு இருக்குது."

"எங்க?"

"தெரியலை."

"யாரு வெச்சது?"

"மரகதம் அம்மணி."

"நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களாக்கும்."

"இல்லை. டீ போட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் கதவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் இந்தக் காமிராவுல பார்த்தீங்க."

"அதுல விழலை."

"தோண்டிப் பார்த்தீங்க."

"இல்லை."

வசந்தாமணி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவங்க வெக்கவே இல்லைன்னா?"

"இருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு இப்படி நடக்கறீங்க?"

"ஒரு நுனியை என் கையாலயே ஒடிச்சுப்போட்டேன், வசந்தா. இன்னொண்ணுதான் மிச்சம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சருகு மூடிய மண்ணைப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

வசந்தாமணி பையைப் படியில் வைத்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகினாள். அவரைப் படிக்கு வந்து ஒதுங்கச் சொல்லி, சுவரில் ஒரு கையை வைத்து, சிமெண்ட் திட்டின்மேல் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து நடந்தாள். ஒரு இடத்தில் தடுமாறினாள். மண்ணில் கால் வைக்கவில்லை. கயிறு வரை போய்ச் சேர்ந்தாள்.

"சட்டையைப் பிழியாமலே போட்டிருக்கீங்க" என்றாள்.

எடுத்தாள். பிழிந்தாள். உதறிப் போட்டாள்.

மறுபடியும் ஹாரன்.

"அந்த ஆட்டோத் தம்பிக்குக் காசு குடுத்து அனுப்பாம எதுக்கு இன்னும் நிக்க வெச்சிருக்கீங்க?"